தொப்பி அணிந்த மனிதன்

தன்னுருவம் வரைதல் என்பது வெறும் முகச்சாயலைத் தீட்டுவதன்று; ‘நான் யார்?’ என்னும் வினாவுக்கு ஓவியன் தரும் விடையாகும்.

1965-இல் மொழிப் போராட்டமும் 1967-இல் ஆட்சி மாற்றமும் தமிழகத்தைக் குலுக்கின. ‘நாம் யார்?’ என்று ஊரே உரக்கக் கேட்ட அக்காலத்தில் கலைஞர்களையும் அவ்வினா விடவில்லை. நம் வேளச்சேரிக்குத் தென்கிழக்கே, கடலோர ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், எழுத்துகளிலும் குறியீடுகளிலும் மண்ணின் அடையாளத்தைத் தேடினார். அங்கு வாழ்ந்த கே. ராமானுஜமோ தம்மையே படத்துள் புகுத்தினார். மாளிகைகளுக்கும் விந்தை விலங்குகளுக்கும் நடுவே தொப்பியணிந்து நிற்பவர் அவரே! வாழ்வில் தனிமையில் உழன்றவர், ஓவியத்தில் அரச தோரணையில் உலவினார். 1973-இல் இளவயதிலேயே மறைந்தார்.

ஊர் கேட்டது வரலாற்று நூல்களில் உண்டு. ஒரு தனிமனிதன் மெல்லக் கேட்டது அத்தொப்பியின் கீழ் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே முழு வரலாறு.