காத்தைக் குறைச்சால் கார் சீறுமோ?

போன கிழமையும் இதே கேள்வி, இந்தக் கிழமையும் இதே கேள்வி: "அண்ணை, ரயரில காத்தைக் கொஞ்சம் இறக்கி விட்டால் கார் நல்லாப் பிடிச்சு எடுக்குமாமே, உண்மையோ?" மொன்றியலில பியர்பொன்ட்ஸ், டொலார் பக்கத்துப் பெடியள்தான் கூடக் கேக்கினம். டிராக் ரேஸ் காணொளியளைப் பாத்திருக்கினம். அதில ஓடுறவை காத்தை இறக்கித்தான் விடுகினம், அது உண்மை. ஆனா உங்கட சிவிக்குக்கும் கொரோலாவுக்கும் அது சரிவராது.

அந்த ரேஸ் ரயரிலையே வித்தியாசம் இருக்கு. அதின்ர பக்கச் சுவர் மென்மையானது, மடிஞ்சு சுருங்கட்டும் எண்டே செய்தது. மேற்பரப்பில கோடு, வெட்டு ஒண்டும் இல்லை, முழு ரப்பரும் றோட்டைத் தொடும். ஓட முதல் சில்லைச் சுத்தவிட்டுப் புகை எழுப்பிச் சூடாக்குவினம். ஓடுற பாதையிலயும் ஒட்டுற பசை பூசியிருக்கும். தெரு ரயரில காத்தைக் குறைச்சால் நடுப்பகுதி மேல எழும்பும், ரெண்டு கரையும்தான் பாரம் சுமக்கும். சுவர் வளைஞ்சு வளைஞ்சு சூடேறும். மழைத் தண்ணியில, உருகின ஸ்னோவில ரயர் மிதக்கத் தொடங்கிற வேகமும் குறைஞ்சு போகும். பிடிமானம் கூடும் எண்டு நினைச்சுச் செய்யிற வேலை, அதையே பறிச்சுப் போடும்.

சரியான அளவு எங்க இருக்கு? டிரைவர் கதவைத் திறந்தால் தூணில ஒரு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். அதில இருக்கிற எண்தான் உங்கட காருக்கு. ரயரின்ர பக்கத்தில அடிச்சிருக்கிற எண் அந்த ரயர் தாங்கக்கூடிய உச்சம், அதைப் பாத்துக் காத்தடிக்கக் கூடாது.

இன்னொரு விசயம். மொன்றியலில நீங்கள் காத்தை இறக்கவே தேவையில்லை, குளிரே இறக்கிப் போடும். வெப்பநிலை 5, 6 பாகை குறையக் குறைய ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் போகும். 20 பாகைச் சூடுள்ள கராஜுக்குள்ள 35 பிஎஸ்ஐ அடிச்சுப்போட்டு, மைனஸ் 20-இல ராத்திரி முழுக்க வெளியில விட்டால், விடிய உங்களிட்ட இருக்கிறது 28. கனக்கக் கார்களில எச்சரிக்கை விளக்கு 25 சதவீதம் குறைஞ்ச பிறகுதான் எரியும். 28-இல அது எரியாது. விளக்கு எரியேல்லை, அப்ப எல்லாம் சரி எண்டு ஓடிக்கொண்டிருப்பியள்.

இப்ப காரின்ர எடுப்புக்கு வருவம். எஞ்சின் எவ்வளவு பலமாச் சுத்தினாலும் றோட்டைத் தொடுறது உள்ளங்கை அளவு ரப்பர் நாலு துண்டுதான். ஒரு கணக்குப் பாருங்கோ. காஞ்ச தார் றோட்டில தெரு ரயரின்ர உராய்வு எண் கிட்டத்தட்ட 0.9 எண்டு வையுங்கோ. நாலு சில்லும் இழுக்கிற கார், நிண்ட இடத்தில இருந்து 100 கிலோமீற்றர் வேகத்துக்கு வரக் குறைஞ்சது 3 செக்கனுக்குக் கொஞ்சம் மேல வேணும். இறுகின ஸ்னோவில அந்த எண் 0.2 அளவுக்கு விழும். அதே காருக்கு 14 செக்கன். ஐஸில 0.1 எண்டால் 28 செக்கன். ஸ்னோவிலயும் ஐஸிலயும் 300 குதிரைவலு இருந்தாலும் அவ்வளவுதான், 1000 இருந்தாலும் அவ்வளவுதான்! முன்சில்லு மட்டும் இழுக்கிற காருக்கு இன்னும் மோசம். பாரத்தில 60 சதவீதம் அளவுதான் முன்னுக்கு இருக்கு, அதுவும் நீங்கள் அழுத்தேக்க பின்னுக்குச் சாய்ஞ்சு போகும். அதாலதான் சில்லு சும்மா சுத்துது.

ஆயிரம் டொலர் குடுத்துச் சத்தம் போடுற சைலன்சர் பூட்டிறியள். அந்தக் காசை ரயரில போடுங்கோ தம்பிமார். இதை நான் எத்தினை காணொளியிலயும் சொல்லுவன்.

ரப்பருக்குச் சூடும் வேணும். ஓல் சீசன் ரயர் 7 பாகைக்குக் கீழ இறுகத் தொடங்கும். குளிர் நாளில குசினித் தட்டில தேங்காயெண்ணெய்ப் போத்தல் கட்டியாப் போய் நிக்கும்தானே, அதே மாதிரி. வின்ரர் ரயரின்ர ரப்பர் கலவை வேற, குளிரிலயும் நெகிழ்ந்து குடுக்கும். அதில இருக்கிற மெல்லிய வெட்டுகளுக்குள்ள ஸ்னோ போய் இறுகும். ஸ்னோவோட ஸ்னோ நல்லாப் பிடிக்கும், அந்தப் பிடியாலதான் கார் நகருது. கியூபெக்கில வின்ரர் ரயர்ச் சட்டம் 2008-இல நடைமுறைக்கு வந்தது. 2019-இல இருந்து டிசெம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை கட்டாயம், போடாட்டில் தண்டம் 200 தொடக்கம் 300 டொலர். மலைக்குள்ள ஸ்னோப் பூ போட்ட சின்னம் இருக்க வேணும். வெறும் எம் பிளஸ் எஸ் (M+S) எழுத்து 2014 டிசெம்பருக்குப் பிறகு செல்லாது.

அந்தச் சின்னம் என்ன சோதினையில கிடைக்குது தெரியுமோ? இறுகின ஸ்னோவில கார் முன்னுக்கு எடுபடுற பிடிமானத்தை அளந்து குடுக்கிறது. இங்கத்தைச் சோதினையில பிரேக்கை அளக்கிறதில்லை. ஓல் வீல் டிரைவும் அப்பிடித்தான், எடுக்க உதவும், நிப்பாட்ட உதவாது. நாலு சில்லும் இழுக்கிற வண்டிக்காரர் சிக்னலில முதல் ஆளாப் பாய்ஞ்சு போய், அடுத்த சிக்னலில வழுக்கி நடுச் சந்தியில நிக்கிறதைக் காணாத ஆக்கள் இந்த ஊரில இல்லை.

சிலபேர் ரயரைச் சூடாக்கிறம் எண்டு ஸ்ரியரிங்கை இடம் வலமா ஆட்டிக்கொண்டு போகினம். எஃப் வன் காரில பாத்தது. அந்த ரயர் கிட்டத்தட்ட 100 பாகையில வேலை செய்யச் செய்தது, போர்வை போட்டு மின்சாரத்தில சூடாக்கித்தான் பூட்டுவினம். உங்கட வின்ரர் ரயருக்கு அது தேவையே இல்லை.

எஃப் வன் எண்டவுடன எனக்கு ஜில் வில்நேவ்தான் ஞாபகம் வரும். மனுசன் எங்கட கியூபெக் ஆள், பேர்த்தியேவில் ஊரில வளந்தவர். எஃப் வன்னுக்கு முதல் அவர் ஓடினது ஸ்னோமொபீல். 1974-இல அமெரிக்காவின்ர ஈகிள் ரிவரில உலகப் பட்டத்தையும் வெண்டவர். 1978 ஒக்ரோபர் 8, மொன்றியல் நோத்ர் டாம் தீவில முதல் எஃப் வன் ஓட்டம், சரியான குளிர். அதிலதான் அவருக்கு எஃப் வன்னில முதல் வெற்றி. இப்ப அந்தப் பாதைக்கே அவர்ட பேர்தான். ஸ்னோவில வழுக்க வழுக்க ஓடிப் பழகின கால் அது. எவ்வளவு அழுத்தினால் சில்லு பிடியை விடும் எண்டு அந்தக் காலுக்குத் தெரியும்.

அந்தக் கால்தான் உங்களுக்கும் வேணும். ரயர் முழுப் பிடியைக் குடுக்கிறது, காரின்ர வேகத்தை விடச் சில்லு 10, 20 சதவீதம் மட்டும் கூடச் சுத்தேக்க. அதுக்கு மேல போனால் பிடி விழும். ஐஸில இன்னும் பொல்லாதது: சுத்திற சூட்டில ஐஸ் உருகித் தண்ணிப் படலம் வரும். மைனஸ் 20 ஐஸை விட 0 பாகை ஐஸ் கூட வழுக்கிறதும் அந்தத் தண்ணியாலதான்.

நேரம் போட்டுது, கெதியாச் சொல்லுறன், எழுதி வையுங்கோ. ரயர் நாலும் ஒரே வகையா இருக்க வேணும். முன்னுக்கு மட்டும் ரெண்டு வின்ரர் ரயர் போட்டால் திருப்பத்தில பின்பக்கம் சுழண்டு போகும். ரெண்டுதான் புதுசு எண்டால் அதைப் பின்னுக்குப் போடுங்கோ. வெட்டின்ர ஆழம் சட்டத்துக்கு 1.6 மில்லிமீற்றர் காணும், ஆனா வின்ரருக்கு 4.8-க்குக் கீழ போக விடாதேங்கோ. பழைய ரயர் வாங்கேக்க பக்கத்தில இருக்கிற கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கோ. 3521 எண்டால் 2021-இன்ர 35-ஆம் கிழமை செய்தது. ஆழமான ஸ்னோவுக்கு அகல ரயரை விட ஒடுக்கமானது நல்லது. எடுக்கேக்க எக்ஸ்சிலேற்றரை மெல்ல அழுத்துங்கோ, மனுவல் எண்டால் ரெண்டாவது கியரில எடுங்கோ. புதைஞ்சு போனால் டிராக்ஷன் கொன்ரோலை நிப்பாட்டிப்போட்டு முன்னுக்குப் பின்னுக்கு ஆட்டி எடுங்கோ, சில்லுக்கு முன்னால மண் போடுங்கோ. காத்தை மாசத்துக்கு ஒருக்கா, கார் ஓட முதல், குளிர்ந்த ரயரில பாருங்கோ.

கடைசியா ஒண்டு. வேகம் பாக்க ஆசையெண்டால் வெயில் காலத்தில டிராக் ஸ்ரிப் ஒண்டுக்குப் போங்கோ, காசு கட்டி முறையா ஓடலாம். செயின்ற் ஜோன் வீதியிலயும் பியர்பொன்ட்ஸ் வீதியிலயும் வேண்டாம். பிள்ளையள் பஸ்ஸுக்கு நிக்கிற இடம், கோயிலுக்கு வாற அம்மாமார் கடக்கிற இடம் அது. இப்ப காணொளியை நிப்பாட்டிப்போட்டு வெளியில போய், அந்தக் கதவைத் திறந்து ஸ்ரிக்கரைப் பாருங்கோ.