மின்னூல் வாசிப்பான்

மின்னூல் வாசிப்பான் என்பது நூல்களை எண்ணிம வடிவில் சேமித்துத் திரையில் படிப்பதற்கென உருவாக்கப்பட்ட கையடக்கக் கருவி ஆகும். பல நூறு நூல்களை ஒரே கருவியில் கொண்டு செல்ல முடிவதால், செவ்வியல் இலக்கியங்களையும் விருப்பமான பிற நூல்களையும் எப்போதும் உடன் வைத்திருக்க இது உதவுகிறது. எனினும், ஒரு நூலை இதில் எவ்வளவு நன்றாகப் படிக்கலாம் என்பது கருவியைக் காட்டிலும் நூலின் கோப்பு வடிவத்தையே பெரிதும் சார்ந்துள்ளது.

வரலாறு

மின்மை எனப்படும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திய முதல் வணிக வாசிப்பானான லிப்ரியே, சோனி நிறுவனத்தால் 2004 இல் யப்பானில் வெளியிடப்பட்டது. அமேசான் நிறுவனம் 2007 நவம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் கிண்டிலை அறிமுகப்படுத்தியது. அதன் நினைவகம் 250 மெகாபைட்டு மட்டுமே. ஆயினும் சுமார் 200 நூல்களை அதில் சேமிக்க முடிந்தது.

செயற்படும் விதம்

மின்மைத் திரையில் மிக நுண்ணிய உறைகள் பரவியுள்ளன. ஒவ்வோர் உறையிலும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட வெள்ளை, கருப்புத் துகள்கள் மிதக்கின்றன. மின்புலத்திற்கு ஏற்ப ஒருவகைத் துகள்கள் மேலெழுவதால் எழுத்துகள் தோன்றுகின்றன. பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவைப்படுவதால் மின்கலம் பல நாட்கள் நீடிக்கும்.

தமிழ் நூல்கள்

தமிழில் 'கொ' போன்ற எழுத்துகளில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் அமைகிறது. 'கெ', 'கை' ஆகியவற்றில் குறி முன்னால் தோன்றினாலும், ஒருங்குறியில் மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. இவ்வொழுங்கை அறியாத தொடக்ககாலக் கருவிகளில் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிந்தன. இதற்கு மாற்றாக, 6 அங்குலத் திரைக்கு ஏற்ற அளவில் எழுத்துரு உட்பொதிக்கப்பட்ட பிடிஎஃப் கோப்புகள் உருவாக்கப்பட்டன.

அச்சுப் பக்கங்களை ஒளிவருடிய கோப்புகள் படங்களே ஆதலால், அவற்றில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே செல்லும். தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்த ஒருங்குறி உரையை ஈபப் வடிவில் அமைத்தால், வரிகள் திரைக்கேற்ப மடியும். சொற்களைத் தேடவும் இயலும். இத்தகைய உரை மிகக் குறைந்த இடத்தையே கொள்ளும்: திருக்குறளின் 1,330 குறள்களும் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். 1998 இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை இவ்வாறு உள்ளிட்டு, கட்டணமின்றி வழங்கி வருகின்றனர்.

உரிமை

இந்தியச் சட்டப்படி, நூலாசிரியர் மறைந்த ஆண்டைத் தொடர்ந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். சங்கப் பாடல்கள் பொதுவுரிமையில் இருந்தாலும், அவற்றுக்கு அண்மையில் எழுதப்பட்ட உரைகளுக்குத் தனி உரிமை உண்டு. 1942 இல் மறைந்த உ. வே. சாமிநாதையர் தம் வாழ்நாளில் வெளியிட்ட பதிப்புகளுக்கு அக்காலம் 2002 உடன் முடிவுற்றது.

கடைகளில் வாங்கும் மின்னூல்கள் பெரும்பாலும் படிக்கும் உரிமத்தை மட்டுமே தருகின்றன. 2009 சூலையில், விற்பனையாளருக்கு உரிமை இல்லாதிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நூல்களை அமேசான் வாசகர்களின் கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. பின்னர் அதற்கு வருத்தமும் தெரிவித்தது. எனவே, நெடுங்காலம் வைத்திருக்க விரும்பும் நூல்களுக்கு, பூட்டற்ற கோப்பின் படியைக் கணினியிலும் சேமித்து வைப்பது பாதுகாப்பானது. கருவி பழுதடைந்தாலும் அந்நூல்களை வேறொரு கருவிக்கு மாற்றிக்கொள்ளலாம்.