பனுவலும் நிகழ்த்துகையும்: ‘வொய்ட்செக்’ வழிச் செருமானிய நாடக வரலாற்று ஆய்வு

செருமானிய நாடக வரலாறு பெரும்பாலும் அச்சுப் பனுவல்களின் காலவரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. லெசிங், ஷில்லர், பியூக்னர், பிரெக்ட் என ஆசிரியர் பெயர்கள் நிரலாக நிற்கின்றன. நாடகம் இயற்றப்பெற்ற ஆண்டே அதன் வரலாற்று இடமாகக் கொள்ளப்படுகிறது. இயற்றிய காலமும் மேடை கண்ட காலமும் பல பத்தாண்டுகள் விலகி நிற்கும் நாடகங்களுக்கு இம்முறை பொருந்துவதில்லை. கியார்க் பியூக்னரின் ‘வொய்ட்செக்’ இதற்குத் தக்க சான்றாகும்.

லைப்சிக் நகரில் 1821இல் தன் காதலியைக் கொன்ற யோகான் கிறிஸ்தியான் வொய்ட்செக் என்பவன் 1824இல் மக்கள் முன்னிலையில் சிரச்சேதம் செய்யப்பட்டான். அவனது மனநிலை குறித்து மருத்துவர் கிளாருஸ் அளித்த அறிக்கை அச்சேறியது. செயலுக்கு அவன் பொறுப்பாளியா என்பதே அவ்வறிக்கையின் வினா. அதனை ஆதாரமாகக் கொண்டு 1836இல் நாடகத்தை எழுதத் தொடங்கிய பியூக்னர், 1837 பிப்ரவரியில் தம் 23ஆம் வயதில் சூரிக் நகரில் காய்ச்சலால் மறைந்தார். எஞ்சியவை முற்றுப்பெறாத கையெழுத்துத் தாள்களே. இன்று வைமார் நகரின் கோதே–ஷில்லர் ஆவணக் காப்பகத்தில் உள்ள அவை, ஒன்றையொன்று திருத்திச் செல்லும் பல வரைவுகளைக் கொண்டவை. முடிந்த முடிபான காட்சி வரிசை அவற்றில் இல்லை.

கார்ல் எமில் பிரான்சோஸ், மங்கிய எழுத்தை வேதிப்பொருள் கொண்டு தெளிவித்துப் படித்து, 1879இல் வெளியிட்ட பியூக்னர் தொகுப்பில் இந்நாடகத்தைச் சேர்த்தார். பெயரின் நடுவெழுத்தைப் பிறழப் படித்தமையால் நாயகன் ‘வொட்செக்’ ஆனான். கத்தியைத் தேடி அவன் நீரில் இறங்குமிடத்தில், மூழ்கி இறப்பதாக ஒரு குறிப்பையும் பதிப்பாசிரியரே சேர்த்தார். மூலத்தாள்களில் அது இல்லை. சிதைந்த ஏட்டின் இடைவெளியை ஊகத்தால் நிரப்பும் பதிப்பு முயற்சிகள் தமிழாய்வாளர்க்குப் புதியன அல்ல. எனினும் இங்கே பிழைபட்ட பாடம் நூலளவில் நின்றுவிடாமல் மேடையில் உடலும் குரலும் பெற்றுவிட்டது.

1913 நவம்பர் 8 அன்று மியூனிக் நகரில் ‘வொட்செக்’ என்ற பெயரிலேயே நாடகம் அரங்கேறியது. அடுத்த ஆண்டு வியன்னாவில் அதனைக் கண்ட ஆல்பன் பெர்க் அதனை இசைநாடகமாக்க முனைந்தார். அது 1925இல் பெர்லினில் அரங்கேறியது. பெர்க்கின் நாயகனும் நீரில் மூழ்கியே இறக்கிறான். 1920இல் கியார்க் விட்கோவ்ஸ்கியின் பதிப்பு சரியான பெயரை மீட்ட பின்னும் இசைநாடகம் பழைய பெயரையே தாங்கி நிற்கிறது. பதிப்பியலில் பிழையாவது அரங்க வரலாற்றில் மறுக்கவியலாத நிகழ்வாகிவிடுகிறது. பிழை என ஒதுக்கிவிட்டால், இந்நாடகத்தின் முதல் பார்வையாளர்கள் கண்டது எதுவென்பதே வரலாற்றிலிருந்து மறைந்துவிடும்.

காட்சி வரிசையோ இதனினும் நுட்பமானது. இறுதி வரைவு வெட்டவெளியில் தொடங்குகிறது: நண்பனுடன் குச்சி வெட்டும் நாயகன் மண்ணுக்கடியில் ஏதோ நடமாடுவதாக அஞ்சுகிறான். பெர்க்கின் இசைநாடகமோ அவன் படைத்தலைவனுக்குச் சவரம் செய்யும் காட்சியில் தொடங்குகிறது. முன்னதில் பார்வையாளர் முதலில் காண்பது கலங்கிய மனத்தை. பின்னதில், ஏழையை இழிவுபடுத்தும் அதிகாரத்தை. கிளாருஸ் எழுப்பிய வினாவுக்குரிய விடை, உரையாடலில் ஒரு சொல்லும் மாறாமலே, காட்சி வரிசையால் மாறிவிடுகிறது. முடிவும் அத்தகையதே. மூழ்கி இறந்தால் அது தன்னைத் தானே தண்டித்துக்கொண்டதாகிறது. உயிரோடு கரையேறினால் சட்டம் அவனுக்காகக் காத்திருக்கிறது. வாசிப்பில் அடிக்குறிப்பாக நிற்கும் பாடவேறுபாட்டின் முழு எடையை மேடையே உணர்த்துகிறது.

நிகழ்த்துகை பனுவலையே மாற்றியதும் உண்டு. பிரெக்டின் ‘துணிவுத் தாயும் அவள் பிள்ளைகளும்’ 1941இல் சூரிக்கில் அரங்கேறியபோது நாயகி தாய்மைத் துயரின் வடிவமாகப் போற்றப்பட்டாள். அதனை விரும்பாத பிரெக்ட், 1949 பெர்லின் நிகழ்த்துகைக்காக அவளது வணிகப் பற்றை மிகுவித்துச் சில காட்சிகளைத் திருத்தினார். ஒளிப்படங்களும் குறிப்புகளும் கொண்ட மாதிரி நூலையும் உருவாக்கினார். முந்தைய நூற்றாண்டுகளின் நிகழ்த்துகைகளுக்கு இத்தகைய பதிவு கிட்டுவது அரிது. நாளிதழ் மதிப்புரை, அரங்கத்தாரின் கைப்படி, விளம்பரத் தாள் ஆகியனவே துணை.

நேரில் காண்பதிலும் இடர் உண்டு. இன்று ‘வொய்ட்செக்’ நாடகத்தைக் காணும் ஆய்வாளர், இயக்குநர் எப்பதிப்பைக் கொண்டார், எக்காட்சியில் தொடங்கினார், எவற்றை விலக்கினார் என்பவற்றை மூலவரைவுகளோடு ஒப்பிட வேண்டும். தவறினால், இயக்குநரின் தெரிவு பியூக்னரின் கருத்தாக ஆய்வேட்டில் ஏறிவிடும்.