இருக்கை போனது; 'டிக்கி' நின்றது

புது தில்லி: காரின் பின்புறம் பெட்டி வைக்கும் இடத்தை இந்தியர்கள் 'டிக்கி' என்றே அழைக்கின்றனர். பிரிட்டனில் அந்த இடத்துக்கு இப்பெயர் கிடையாது. அங்கு 'டிக்கி' என்றால், மேற்கூரையைத் திறந்து மூடும் கார்களின் பின்மூடியைத் தூக்கியதும் வெளிப்படும் கூடுதல் இருக்கை. அதில் அமர்பவருக்கு வெயிலும் மழையும் புழுதியும் இலவசம்.

அத்தகைய இருக்கையுடன் தொடர் உற்பத்தியில் வந்த கடைசி கார் 'டிரையம்ஃப் ரோட்ஸ்டர்'. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல் வெளிவந்தது. போருக்கு முன்பே நொடித்துப்போன டிரையம்ஃப் நிறுவனத்தை 1944-இல் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் வாங்கியது. அதன் தலைவர் சர் ஜான் பிளாக், ஜாகுவார் கார்களுக்குப் போட்டியாக ஒரு வண்டியை விரும்பினார்.

விருப்பம் இருந்தது, எஃகு இல்லை. ஏற்றுமதி செய்யும் ஆலைகளுக்கே எஃகு முன்னுரிமையுடன் ஒதுக்கப்பட்ட காலம் அது. ஆனால், விமானத் தயாரிப்பு குறைந்துவிட்டதால் அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. எனவே காரின் உடல் பெரும்பாலும் அலுமினியத் தகட்டிலும், அடிச்சட்டம் எஃகுக் குழாய்களிலும் உருவானது. முன்னிருக்கையில் நெருக்கியடித்து மூவர், பின்னால் டிக்கியில் இருவர். டிக்கியில் அமர்வோர் பம்பர் அருகே உள்ள படியில் கால் வைத்து ஏற வேண்டும். அவர்களுக்கெனத் தனியே ஒரு சிறு கண்ணாடித் தடுப்பும் உண்டு. பார்வைக்கு அழகு, பயணத்துக்கு அவ்வளவாக அல்ல.

1948-இல் இக்காருக்கு ஸ்டாண்டர்டு வேன்கார்டின் 2,088 சி.சி. இன்ஜின் பொருத்தப்பட்டது. மறு ஆண்டே உற்பத்தி நின்றது. மொத்தம் வெளிவந்தவை சுமார் 4,500 கார்கள் மட்டுமே.

இந்தியாவுக்கு வந்தது கார் அல்ல, இன்ஜின். 1948-இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், சென்னை அருகே வேன்கார்டு கார்களைத் தயாரித்தது. அதே குடும்பத்து இன்ஜின் பிரிட்டனில் ஃபெர்குசன் டிராக்டரையும் இழுத்தது. உழுவதற்கும் உல்லாசத்துக்கும் ஒரே இன்ஜின் என்றால் இன்று நம்புவது கடினம்.

இதைவிட வியப்பானது 1985-இல் நடந்தது. ரோவர் காரின் நவீன உடலுடன் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற ஆடம்பரக் காரை அந்நிறுவனம் அறிமுகப்படுத்தியபோது, உள்ளே வைத்தது வேன்கார்டு வழிவந்த அந்தப் பழைய இன்ஜினைத்தான். பெட்ரோலைக் குடித்த வண்டியை வாங்குவோர் குறைந்தனர். 1988-இல் அதன் உற்பத்தி நின்றது.

அக்காலக் கார்களைப் பாதுகாப்போருக்கு வேறொரு கவலை வந்தது. 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் தில்லி சாலைகளில் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் உத்தரவிட்டது. அரை நூற்றாண்டைத் தாண்டிய கார்களின் கதி என்ன என்ற கேள்வி எழுந்தது. ஸ்டேட்ஸ்மேன் நாளிதழ் 1964 முதல் பழைமையான கார்களின் அணிவகுப்பை நடத்திவந்த நகரில், அது சிறிய கேள்வி அல்ல.

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பதில் அளித்தது. 50 ஆண்டுகளைக் கடந்து, உடல், அடிச்சட்டம், இன்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்படாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் 'பழைமை வாகனம்' எனப் பதிவு செய்ய விதிகள் வகுக்கப்பட்டன. புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, பதிவு 10 ஆண்டுகள் செல்லும். எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும்.

அணிவகுப்பு, கண்காட்சி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற தேவைகளுக்கு வண்டியைச் சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயணத்துக்கும் வணிகத்துக்கும் அனுமதி இல்லை.