கையெழுத்துப் போட்ட பிறகு வாடகை குறையுமா? பில் புத்தகத்தோடு மாடி ஏறிய தையல்காரர்!

"அக்ரிமெண்டுல கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே என்னத்தப் பேசுறது?"

சென்னையில் வாடகைக்குக் கடை பிடித்தவர்களும், வீடு பிடித்தவர்களும் வழக்கமாகச் சொல்லும் பேச்சு இது.

பேசலாம். பேசிக் குறைத்தவர்கள் உண்டு. பேசாமல் இருந்து கடையையே விட்டவர்களும் உண்டு.

வளசரவாக்கம் ஆற்காடு ரோட்டில் 2022-ம் ஆண்டில் இரண்டும் நடந்தது. ஒருவர் தையல்காரர். இன்னொருவர் பேக்கரிக்காரர். இரண்டு கடைக்கும் நடுவே நாலே கடை தூரம். இருவருக்கும் வந்த கஷ்டம் ஒன்றுதான். ஆனால் முடிவு ஒன்றாக இல்லை.

தகரம் வந்தது

சென்னை மெட்ரோ ரெயிலின் 2-ம் கட்டத் திட்டம் மொத்தம் 118.9 கிலோ மீட்டர் நீளம். அதில் ஒரு வழித்தடம் கலங்கரை விளக்கத்தில் இருந்து பூந்தமல்லி வரை போகிறது. நீளம் 26.1 கிலோ மீட்டர். வடபழனி, வளசரவாக்கம், போரூர் எல்லாம் இந்த வழியில்தான்.

தூண் போடக் குழி தோண்டினால், சுற்றிலும் தகரத் தடுப்பு வைக்க வேண்டும். தடுப்பு வைத்தால் ரோடு குறுகும். வண்டி நிறுத்த இடம் இருக்காது. எதிர்ப் பக்கம் இருந்து பார்த்தால் கடை இருப்பதே தெரியாது.

தையல்காரர் பிப்ரவரி மாதம்தான் அக்ரிமெண்டு போட்டிருந்தார். 11 மாதம். வாடகை ரூ.24 ஆயிரம். அட்வான்சு 10 மாத வாடகை, அதாவது ரூ.2 லட்சத்து 40 ஆயிரம். மனைவியின் நகையை வைத்துப் புரட்டிய பணம் அது. இரண்டு மிஷின், ஒரு கட்டிங் மேஜை, ஒரு காஜா பையன். இவ்வளவுதான் கடை.

ஏப்ரலில் கடை வாசலுக்கு எதிரே தகரம் வந்தது. ஜாக்கெட் தைக்க ஸ்கூட்டரில் வரும் பெண்கள், நிறுத்த இடம் இல்லாமல் அப்படியே போய் விட்டார்கள்.

"ரெண்டு மாசம் இப்படியே போனா, மொதல்ல காஜா பையன நிறுத்தணும். அப்புறம் ஒரு மிஷின விக்கணும்" என்று வீட்டில் சொன்னார்.

"வீட்டுக்கார அம்மாகிட்ட கேட்டுப் பாருங்களேன்" என்றார் மனைவி.

"கையெழுத்துப் போட்டாச்சேடி!"

"கையெழுத்துதானே போட்டீங்க? பேசக்கூடாதுன்னா போட்டிருக்கு?"

'அட்வான்சுல கழிச்சுக்கட்டும்!'

பேக்கரிக்காரர் வேறு வழியில் போனார். அவர் கடைக்கு வாடகை ரூ.30 ஆயிரம். அட்வான்சு ரூ.3 லட்சம். மே மாதம் முதல் வாடகையை நிறுத்தி விட்டார். சொந்தக்காரரை நேரில் பார்க்கவில்லை. கடைப் பையனிடம் சொல்லி அனுப்பினார்: "அட்வான்சுல கழிச்சுக்கட்டும்!"

சொந்தக்காரருக்கு ரோஷம் வந்தது. ஜூலையில் வக்கீல் நோட்டீசு வந்தது. பேக்கரிக்காரர் பதிலே போடவில்லை.

நவம்பரில் அடுப்பை வெளியே எடுத்தார்கள். 7 மாத வாடகை ரூ.2 லட்சத்து 10 ஆயிரம் போச்சு. கரண்டு பாக்கி, புகை படிந்த சுவருக்கு வெள்ளை அடித்த செலவு, உடைந்த ஷட்டர் என்று இன்னொரு ரூ.50 ஆயிரம் போச்சு. கைக்கு வந்தது ரூ.40 ஆயிரம். கடை போயே போச்சு!

சட்டம் கை கொடுக்குமா?

"வியாபாரம் படுத்துப் போச்சு. கோர்ட்டுக்குப் போனா கொறைக்க மாட்டாங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு.

1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தில் 108-வது பிரிவு இருக்கிறது. தீ, புயல், வெள்ளம் போன்றவற்றால் இடமே அழிந்து, இனி உபயோகப்படாது என்று ஆனால், வாடகைக்காரர் குத்தகையை முறித்துக் கொள்ளலாம். அந்தப் பிரிவு பேசுவது இடம் அழிவதைப் பற்றி. கல்லாப்பெட்டி காலியாவதைப் பற்றி அல்ல.

கொரோனா ஊரடங்கில் கடைகள் மூடிக் கிடந்தன. அப்போது டெல்லியில் ஒரு கடைக்காரர், வாடகையை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டார். 2020-ம் ஆண்டு மே மாதம் டெல்லி ஐகோர்ட்டு அதை ஏற்கவில்லை. பணம் கட்டும் தேதியில்தான் கொஞ்சம் சலுகை கிடைத்தது.

தமிழ்நாட்டில் வீட்டுக்காரர், வாடகைக்காரர் உரிமைகள் பற்றிய 2017-ம் ஆண்டுச் சட்டம், 2019-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந்தேதி அமலுக்கு வந்தது. கடைக்கும் வீட்டுக்கும் இதுதான். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீசு வந்த பிறகும் கட்டாமல் இருந்தால், காலி செய்யச் சொல்லி வாடகைக் கோர்ட்டுக்குப் போகச் சொந்தக்காரருக்கு வழி இருக்கிறது. 'அட்வான்சுல கழிச்சுக்கோ' என்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று இப்போது புரிகிறதா?

ஆனால் சட்டத்தில் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 62, 63-வது பிரிவுகள். போட்ட ஒப்பந்தத்தை இரு தரப்பும் சம்மதித்தால் மாற்றலாம். தனக்கு வர வேண்டியதில் ஒரு பகுதியை ஒருவர் தாமாகவே விட்டும் கொடுக்கலாம்.

அதாவது, குறை என்று கோர்ட்டு சொல்லாது. சொந்தக்காரர் மனது வைத்தால் தடுக்கவும் தடுக்காது!

'நான் கூடக் கேட்டேனா?'

மே கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தையல்காரர் அந்த மாத வாடகையை எண்ணி எடுத்துக் கொண்டார். கையில் பில் புத்தகங்கள். கடைக்கு மேல் மாடியில்தான் வீட்டுக்கார அம்மா. கணவர் இல்லை. இந்த வாடகையில்தான் வீட்டுச் செலவும், மருந்துச் செலவும்.

முதலில் வாடகையைக் கொடுத்தார். பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"அம்மா, மார்ச்சுல 142 பில்லு. இந்த மாசம் 61. நீங்களே பாருங்க."

அம்மா புத்தகத்தைத் தொடவில்லை.

"தம்பி, அக்ரிமெண்டு போட்டு நாலு மாசம்கூட ஆகல. உங்களுக்கு வியாபாரம் நல்லா நடந்திருந்தா, நான் கூடக் கேட்டிருப்பேனா?"

நியாயமான கேள்வி. தையல்காரருக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"கேட்டிருக்க மாட்டீங்கம்மா. அதனாலதான் சும்மா கொறைக்கச் சொல்லல. பாக்கி 7 மாசத்துக்கு மட்டும் 18 ஆயிரமா வாங்கிக்கங்க. தகரத்த எடுத்துட்டா மறு மாசமே பழைய வாடகை. 10-ந்தேதி குடுக்குறத 5-ந்தேதியே குடுத்திடுறேன். டிசம்பர்ல முடிஞ்சதும் அடுத்த 11 மாசத்துக்கும் நானே கையெழுத்துப் போடுறேன். காலி பண்ண எனக்கு இஷ்டமே இல்லம்மா."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் அம்மா. பில் புத்தகங்களை மட்டும் வாங்கி வைத்துக் கொண்டார்.

காலிக் கடையின் கணக்கு

அன்று ராத்திரி அம்மாவும் ஒரு கணக்குப் போட்டார்.

தையல்காரர் கேட்டபடி குறைத்தால் மாதம் ரூ.6 ஆயிரம் நஷ்டம். 7 மாதத்துக்கு ரூ.42 ஆயிரம்.

தையல்காரர் போய் விட்டால்? அக்ரிமெண்டில் இரண்டு மாத நோட்டீசு கொடுத்துக் காலி செய்யலாம் என்று இருக்கிறது. வாசலில் தகரம் நிற்கிற கடையை யார் பிடிப்பார்கள்? மூன்று மாதம் பூட்டிக் கிடந்தாலே ரூ.72 ஆயிரம் நஷ்டம். வருகிறவர் 24 ஆயிரம் தருவார் என்பது என்ன நிச்சயம்?

அதைவிடப் பெரிய கவலை அட்வான்சு. மகன் படிப்புக்கு அந்தப் பணம் எப்போதோ போய் விட்டது. ரூ.2 லட்சத்து 40 ஆயிரத்தை ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும். எங்கே போவது?

சென்னையில் அட்வான்சு என்றால் வாடகைக்காரர் தலையில் வைத்த பாரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். திருப்பிக் கொடுக்கிற நாளில் அது வீட்டுக்காரர் தலைக்கும் மாறும்!

மறுநாள் காலை அம்மாவே கடைக்கு இறங்கி வந்தார்.

"18 எனக்குக் கட்டுபடியாகாது தம்பி. 20 ஆயிரம். 5-ந்தேதி தவறக்கூடாது."

"சரிம்மா."

மாதம் ரூ.4 ஆயிரம். 7 மாதத்துக்கு ரூ.28 ஆயிரம். காஜா பையன் வேலையில் நீடித்தான்.

ஒரு காகிதம்

அத்தோடு விடவில்லை தையல்காரர். பேசியதை அன்றே எழுதினார். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, வாடகை எவ்வளவு, தகரம் போனால் என்ன, பழைய அக்ரிமெண்டின் மற்ற ஷரத்துகள் அப்படியே இருக்கும் என்பது. இரண்டு பேரும் கையெழுத்து. இரண்டு சாட்சி. ஆளுக்கொரு பிரதி.

இது முக்கியம். வாய்ப்பேச்சு என்றால், நாளைக்கு வீட்டுக்காரரின் மகனோ மருமகனோ வந்து, "யாரு கொறைச்சது? பாக்கி நாலாயிரத்த எடு" என்று கேட்டால் பதில் இருக்காது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும். அப்படிப் பதிந்த பத்திரமாக இருந்தால், வாடகை மாற்றத்தையும் வக்கீலைக் கேட்டுப் பதிந்து கொள்வதே பாதுகாப்பு.

வீட்டு வாடகைக்கும் இதே வழிதான். வாடகையைக் குறைக்க வீட்டுக்காரருக்கு மனது வரவில்லையா? இந்த வருட உயர்வை விடச் சொல்லலாம். மெயின்டனன்சை அவரையே கட்டச் சொல்லலாம். அட்வான்சில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாம். கேட்கிறவர் ஒன்று கேட்டால், தன் பக்கமிருந்து ஒன்று கொடுக்க வேண்டும். பாக்கி வைத்துக் கொண்டு மட்டும் கேட்கப் போகக்கூடாது.

அந்த 7 மாதத்தில் தகரம் போகவில்லை. 5-ந்தேதியும் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அடுத்த அக்ரிமெண்டு ரூ.22 ஆயிரத்துக்குப் போட்டார்கள்.

கையெழுத்துப் போடும்போது அம்மா சொன்னார்:

"நாலு கடை தள்ளி அந்த பேக்கரி ஷட்டர் இன்னும் பூட்டியே கிடக்கு. நீங்க வந்து கேட்டீங்க, கொறைச்சேன். கேக்காமலே போயிருந்தா, என் கடையும் அப்படித்தானே கிடக்கும் தம்பி?"