வாடகைக்கு ஒரு சிறு குடியிருப்பு: வரவும் பொறுப்பும்

திருவிதாங்கூரின் தலைநகர் 1795-ஆம் ஆண்டில் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டது. அரசு அலுவலகங்களைத் தொடர்ந்து, 1937-இல் பல்கலைக்கழகமும், 1951-இல் மருத்துவக் கல்லூரியும் இந்நகரில் தோன்றின. 1963-இல் தும்பாவிலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட் ஏவப்பட்டது. 1981-இல் மண்டலப் புற்றுநோய் மையமும், 1990-இல் கழக்கூட்டம் பகுதியில் டெக்னோபார்க் தொழில்நுட்பப் பூங்காவும் நிறுவப்பட்டன. இவை ஒவ்வொன்றும் சில காலம் மட்டுமே தங்கும் மக்களை நகருக்கு அழைத்து வந்தன: இடமாற்றம் பெறும் அலுவலர், மாணவர், பொறியாளர், சிகிச்சைக்காகக் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து வரும் குடும்பத்தினர். இவர்களுக்குத் தேவை சொந்த வீடன்று. நியாயமான வாடகையில் ஒரு நல்ல வீடு.

இத்தேவையை நிறைவு செய்வோரில் பலர், ஒன்றிரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளை மட்டும் உடைய சிறு உரிமையாளர்கள். ஓய்வு பெற்ற ஊழியர்களும் வெளிநாட்டில் பணிபுரிவோரும் தம் வாழ்நாள் சேமிப்பை இவற்றில் இடுகின்றனர். ஒருவரின் முதுமைக்காலப் பாதுகாப்பும் இன்னொருவரின் குடியிருப்பும் ஒரே கூரையின் கீழ் அடங்கியுள்ளன. ஆகவே, வாங்குவதிலும் நிர்வகிப்பதிலும் தெளிவு வேண்டும்.

பூட்டிய வீடுகள்

இந்திய நகரங்களில் வாடகைக் குடியிருப்பின் பங்கு 1961-இல் 54 சதவீதமாக இருந்து 2011-இல் 28 சதவீதமாகக் குறைந்தது. அதே 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புற வீடுகளில் ஏறத்தாழ 12 சதவீதம் காலியாகக் கிடந்தன. 2017-18-ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை இவ்விரு போக்குகளையும் சுட்டிக்காட்டியது. வீடு தேடுவோர் ஒருபுறமும், பூட்டிய வீடுகள் மறுபுறமும் இருப்பதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: வாடகை வருவாய் குறைவு, குடியேறியவர் காலி செய்ய மாட்டாரோ என்னும் அச்சம். வெளிநாடு சென்றோர் கட்டிய வீடுகள் மிகுந்த கேரளத்தில் இந்த அச்சத்தின் விளைவு எளிதில் கண்ணில் படும்.

வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். குடியிருப்பின் விலை ரூ. 50 லட்சம். கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக, முதலீடு ரூ. 55 லட்சமாகிறது. மாத வாடகை ரூ. 15,000 எனில், ஆண்டுக்கு ரூ. 1,80,000. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் வரவு ரூ. 1,65,000. இதிலிருந்து உரிமையாளர் சங்கத்துக்கான பராமரிப்புத் தொகை ரூ. 24,000, சொத்து வரி ரூ. 6,000, பழுதுபார்ப்பு ரூ. 15,000 ஆகியவற்றைக் கழித்தால், மிஞ்சுவது ரூ. 1,20,000. இது முதலீட்டில் 2.2 சதவீதமே.

பாதி விலையை, அதாவது ரூ. 25 லட்சத்தை, 9 சதவீத வட்டியில் கடனாகப் பெற்றால் முதலாண்டு வட்டி மட்டும் ரூ. 2,25,000 ஆகும். வாடகையைக் கொண்டே கடனை அடைத்துவிடலாம் என்னும் எண்ணம் இங்குப் பொய்த்துவிடுகிறது. நில மதிப்பு உயரக்கூடும். ஆனால் கட்டடத்தின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்கிறது. விலையேற்றத்தை மட்டுமே நம்பி வாங்குவது முதலீடன்று, ஊகமே.

வாடகை வருமானத்துக்குரிய வருமான வரியைக் கணக்கிடுகையில், செலுத்திய சொத்து வரியைக் கழித்த பின், பழுதுபார்ப்பு முதலியவற்றுக்காக 30 சதவீதம் பொதுவாகக் கழிக்கப்படுகிறது. உரிமையாளர் வெளிநாடு வாழ் இந்தியராயின், வாடகை எவ்வளவாயினும் அதில் வரியைப் பிடித்துச் செலுத்தும் பொறுப்பு குடியிருப்பவரைச் சாரும். இதனைப் பலர் அறிவதில்லை.

ஆவணங்கள்

உரிமைப் பத்திரம், வில்லங்கச் சான்று, பிரிக்கப்படாத நிலப் பங்கின் அளவு, கட்டட அனுமதி, குடியேற்றச் சான்று, சொத்து வரி ரசீது ஆகியவற்றை வழக்கறிஞர் துணையுடன் சரிபார்த்தல் அவசியம். 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தமின்றி, விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெறலாகாது.

அனுமதியில் குறையிருப்பின் விளைவு எத்தகையது என்பதைக் கொச்சிக்கு அருகிலுள்ள மரடு உணர்த்தியது. கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகள் உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2020 ஜனவரியில் தகர்க்கப்பட்டன. நல்லெண்ணத்துடன் வாங்கியோரும் வீட்டை இழந்தனர்.

ஒப்பந்தமும் சட்டமும்

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுகிறது. பதிவைத் தவிர்க்கவே 11 மாத ஒப்பந்தம் வழக்கத்துக்கு வந்தது. ஆயினும், 11 மாதம் முடிந்ததும் குடியிருப்பவரை வெளியேற்றிவிடலாம் என்பது தவறான கருத்தாகும். 1965-ஆம் ஆண்டின் கேரளக் கட்டடங்கள் (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் பொருந்தும் இடங்களில், அச்சட்டம் கூறும் காரணங்களுக்காக மட்டுமே வெளியேற்ற இயலும். வாடகைப் பாக்கி, உரிமையாளரின் உண்மையான சொந்தத் தேவை, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல் ஆகியன அவற்றுட் சில. பாக்கிக்கு முதலில் பதிவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பி, செலுத்த 15 நாள் அவகாசம் தர வேண்டும். குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கும் உரிமை உரிமையாளருக்கு இல்லை.

குடியிருப்போரைக் காக்கும் சட்டம் வாடகையையே உறைய வைத்துவிட்டால், வீடு வாடகைக்கே வராமற் போகும். பழைய வாடகை அளவை மாற்றமின்றி நீட்டிப்பது நியாயமற்றது என, மகாராஷ்டிர வழக்கொன்றில் 1997-இல் உச்ச நீதிமன்றம் கருதியது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து மூல ஒப்பந்தத்தையும், அதனை வாடகை ஆணையத்தில் பதிவு செய்வதையும் அது வலியுறுத்துகிறது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரிக் குடிவாரச் சட்டம், குடியிருப்புகளுக்கான முன்பணத்தை இரு மாத வாடகைக்குள் வரையறுக்கிறது. எனினும், மாதிரிச் சட்டத்தை ஏற்றுச் சட்டமியற்றுவது மாநிலங்களின் பொறுப்பேயாகும்.

நாள்தோறும் நிர்வாகம்

வாடகை, முன்பணம், ஆண்டு உயர்வு, பராமரிப்புத் தொகையைச் செலுத்துபவர், பழுதுகளைச் சீர்செய்பவர், காலி செய்ய அறிவிப்புக் காலம் ஆகிய அனைத்தும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். குடிபுகும் நாளில் வீட்டின் நிலையையும் பொருள்களையும் பட்டியலிட்டு இருவரும் கையொப்பமிட்டால், பின்னர் முன்பணத்தைப் பற்றி எழும் பூசலைத் தவிர்க்கலாம். வாடகையை வங்கி வழியே பெறுவது இருவருக்கும் சான்றாகும். பெருமழை பெய்யும் இந்நகரில், மேல்தளக் கசிவையும் குழாய்ப் பழுதையும் பருவமழைக்கு முன்பே சீர்செய்வது சிக்கனமாகும். மாதம் ரூ. 500 கூட்டிக் கேட்டு நல்ல குடியிருப்பவரை இழந்தால், ஒரு மாதம் வீடு காலியாகக் கிடப்பதில் போவது ரூ. 15,000, அந்த இழப்பை ஈடுசெய்ய 30 மாதங்கள் ஆகும்.

ஒவ்வொரு பூட்டிய வீட்டின் பின்னாலும் ஓர் அச்சமும், முன்னால் வீடு தேடும் ஒரு குடும்பமும் உள்ளன. விரைந்த தீர்ப்பு தரும் சட்டமும், கணக்கறிந்து வாங்கி முறையாகப் பேணும் உரிமையாளரும், உரிய காலத்தில் வாடகை செலுத்தும் குடியிருப்பவரும் சேர்ந்தால்தான் அப்பூட்டுகள் திறக்கும். புதிதாக ஒரு செங்கல்லையும் அடுக்காமலேயே நகரங்களின் குடியிருப்புப் பற்றாக்குறையில் ஒரு பகுதியைத் தீர்க்கும் வழி இதுவே.