ஊராட்சி அலுவலகத்து ஸ்விட்ச்சும் அதன் முகவரியும்

கிராமங்களைக் கண்ணாடி இழைக் கம்பிவடத்தால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தை நம் வாசகர்கள் அறிவர். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை நோக்கமாகக் கொண்ட இப்பணிக்கெனத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் 2018ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது. விருதுநகர் மாவட்டத்தின் 11 ஒன்றியங்களிலும் அடங்கிய 450 ஊராட்சிகளும் இத்திட்டத்திற்கு உட்பட்டனவே.

அந்நிறுவனம் பொருத்தும் கருவியில் நாம் கை வைக்கலாகாது. ஆனால், வந்த இணைப்பைக் கணினி, அச்சு இயந்திரம், கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றிற்குப் பகிர்ந்தளிக்க ஊராட்சி ஒரு 'ஸ்விட்ச்' வாங்கி வைத்தால், அதன் பொறுப்பு நம்முடையது. கண்மாய் மடையிலிருந்து வாய்க்கால்களுக்கு நீர் பிரிவதைப் போல இதில் செய்தி பிரிகிறது. சாதாரண ஸ்விட்ச் பிரித்து அனுப்புவதோடு சரி. நிர்வகிக்கத்தக்க ஸ்விட்ச்சையோ தொலைவிலிருந்தே பார்க்கலாம், திருத்தலாம். அவ்வாறு அதனை அடைவதற்குத்தான் ஐ.பி. முகவரி வேண்டும்.

முகவரி இல்லாவிட்டாலும் ஸ்விட்ச் வேலை செய்யும் என்பதால், பலர் இதனைக் கவனியாமல் விட்டுவிடுகின்றனர். மழை நாளில் ஒரு துளை செயலிழந்தால் அப்போது தெரியும் இதன் அருமை. முகவரி இருந்து, வெளியிலிருந்து அதனை அடைவதற்குப் பாதுகாப்பான வழியும் செய்யப்பட்டிருந்தால், விருதுநகரில் அமர்ந்தபடியே பழுது எதுவெனக் கண்டுவிடலாம். இல்லையேல், நரிக்குடிக்கோ வத்திராயிருப்புக்கோ ஆள் வரும்வரை வரி ரசீதும் சான்றிதழும் காத்துக் கிடக்கும்.

ஐ.பி. முகவரி என்பது 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்களின் தொடர். 1981இல் வகுக்கப்பட்ட இம்முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. ஆகவே, உள் உபயோகத்திற்கென்று சில தொடர்கள் ஒதுக்கப்பட்டுள்ளன, 192.168 எனத் தொடங்குவது அவற்றுள் ஒன்று. ஸ்விட்ச்சிற்கு 192.168.10.2 என்று இடுவோம். 255.255.255.0 என்னும் மறைப்பெண், முதல் மூன்று எண்கள் தெருவின் பெயர், கடைசி எண் வீட்டின் இலக்கம் என்று அறிவிக்கிறது. தெருவை விட்டு வெளியேறும் வாசல், அதாவது ரவுட்டர், 192.168.10.1 ஆகலாம். ஒரே இலக்கம் இரு வீட்டுக்கு இருப்பின் தபால்காரர் திகைப்பார் அன்றோ? ரவுட்டர் தானாக வழங்கும் இலக்கங்கள் 100 முதல் 200 வரை என்றால், ஸ்விட்ச்சிற்கு அதற்குப் புறம்பான எண்ணையே தருதல் வேண்டும்.

முகவரியை இடும்போது ஓர் இடத்தில் பலரும் அஞ்சிவிடுகின்றனர். புதிய எண்ணைக் கொடுத்த மறுகணமே திரை உறைந்துவிடும். பெட்டி கெடவில்லை, பழைய வீட்டைக் காலி செய்துவிட்டது, அவ்வளவே. மடிக்கணினிக்கும் அதே தெருவின் முகவரி ஒன்றை அளித்து, புதிய எண்ணைத் தட்டினால் திறக்கும். அடுத்து, 'சேமி' என்னும் கட்டளையை மறத்தல் கூடாது. பல ஸ்விட்ச்களில், சேமிக்காத மாற்றம் மின்சாரம் போனதும் அழிந்துவிடும். நம் ஊர்களில் மின்தடைக்குப் பஞ்சமில்லை.

தொழிற்சாலையிலிருந்து வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றுக. சிவகாசிப் பகுதிப் பட்டாசு ஆலைகளில் ஒரு கொட்டகையின் தீ அடுத்ததற்குத் தாவாதபடி இடைவெளி விட்டுக் கட்டுவதைக் கண்டிருக்கிறோம். அதுபோல, ஸ்விட்ச்சை நிர்வகிக்கும் வழியைப் பொதுமக்கள் பயன்படுத்தும் வைஃபையிலிருந்து பிரித்து வைத்தல் நலம். இதற்கு 'வீலான்' என்னும் ஏற்பாடு உண்டு. அதனை ஒன்றியத்தின் கணினிப் பணியாளரிடம் விடுவதே உசிதம்.

முகவரி, மறைப்பெண், வாசல் எண், இட்ட தேதி ஆகிய நான்கையும் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் அப்பெட்டியின் பெயருக்கு நேரே எழுதி வைக்குமாறு வேண்டுகிறோம். கடவுச்சொல்லை மட்டும் தனி உறையிலிட்டு முத்திரையிட்டு, ஊராட்சிச் செயலாளர் மாறும்போது அதனையும் ஒப்படைப்புப் பட்டியலில் சேர்த்தல் வேண்டும்.